நடுப்பகலில் அகப்படாத பழுது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களில் பிற்பாடு கடையில் வாங்கிப் பொருத்தப்பட்ட திருட்டுத் தடுப்பு அலாரங்கள், நள்ளிரவிலும் பின்னிரவிலும் யாரும் தொடாமலே அலறித் தெருவை எழுப்பிவிடுவது எங்கள் இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் வழக்கமான தொல்லையாகிவிட்டது. அப்படி அலறிய கார்களில் ஒன்று என்னுடையது என்பதால், பிறர்மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. சென்ற ஆடியில் தொடங்கித் தை முடியும்வரை அந்தப் பழுதின் பின்னால் அலைந்து, அது எங்கெங்கே ஒளிந்திருந்தது என்பதை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். மெக்கானிக்குகளிடம் வண்டியை விட்டுவிட்டு வந்தால் தெரிய வாய்ப்பில்லாத சில செய்திகள் அதில் இருந்தன. அவை மற்றவர்களுக்குப் பயன்படக்கூடும்.

நான் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயிண்டராக, அதாவது கேபிள் ஒயர்களை முடிச்சுப் போட்டு இணைப்பவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உச்சிப்புளியில் குடியிருக்கிறேன். என்னுடையது 2004-ஆம் ஆண்டின் மாருதி 800. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பித்து, அதன்பின் இன்னொரு முறையும் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் கையாக வாங்கியபோதே அலாரம் அதில் இருந்தது. பில் இல்லை, கையேடு இல்லை, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த பெட்டியின்மேல் ஒட்டியிருந்த தாளில் எழுத்து அழிந்துபோயிருந்தது. விற்றவரைக் கேட்டதற்கு, தாமும் அப்படியே வாங்கியதாகச் சொன்னார். பழைய கார் வைத்திருப்பவர்களில் பலருக்கும் நிலைமை இதுதான். யார் பொருத்தியது, எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்ல ஆள் இருக்காது.

அலாரம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது ஐந்தாறு பொருள்களின் கூட்டு. எல்லாவற்றையும் இயக்கும் பெட்டி டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். எஞ்சின் அறையில் சைரன். உள்ளே எங்காவது, அதிர்வை உணரும் சென்சார். கதவுச் சட்டங்களிலும் பானட்டின் ஓரத்திலும், மூடினால் உள்ளே அமுங்கித் திறந்தால் வெளியே வரும் குமிழ் சுவிட்சுகள். திருடன் வண்டியைக் கிளப்பிவிடாமல் தடுக்க ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். அவசரத்துக்கு அலாரத்தை அடக்கிவைக்க, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சிறு பொத்தான். இதை வேலட் சுவிட்ச் என்பார்கள். இவற்றையெல்லாம் இணைக்கும் ஒயர்களும் அவற்றின் முடிச்சுகளும் தனிக் கணக்கு. ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொல்லை கொடுத்தவற்றில் அந்தப் பெட்டி ஒருமுறைகூடக் குற்றவாளியாக இருக்கவில்லை. என்னிடம் இரண்டு எலக்ட்ரீஷியன்கள் மாற்றச் சொன்னதோ அதைத்தான்.

முதல் தொல்லை ஆடிக் காற்றில் வந்தது. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்பது இப்பகுதியில் சிறுவர்களுக்கும் தெரியும். அப்படிப்பட்ட காற்றில், எடை குறைந்த ஒரு சிறிய கார் இரவு முழுதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். பனை மட்டை விழுந்தாலும் அலறும், விழாவிட்டாலும் அலறும். இதற்குக் காரணம் அதிர்வு சென்சார். அதன் உடலில் ஒரு சிறிய திருகு உண்டு. உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான். என் வண்டியில் அது கிட்டத்தட்ட முழு அளவுக்குத் திருகப்பட்டிருந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் குறைப்பது, கதவுகளை மூடி அலாரத்தைப் போட்டு ஒரு நிமிடம் பொறுப்பது, கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பது என்று நாலைந்து முறை செய்தேன். மெல்லத் தட்டினால் பேசாமல் இருக்க வேண்டும். ஓங்கித் தட்டினால் அலற வேண்டும். அந்த அளவு கிடைத்ததும் நிறுத்திக்கொண்டேன். ஆவணி, புரட்டாசி அமைதியாகக் கழிந்தன. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மார்கழி பிறந்ததும் மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை காற்றே இல்லை. சொல்லிவைத்தாற்போல் பின்னிரவு மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் அலறும். முப்பது விநாடி அலறி ஓயும். போய்ப் படுத்தால் மறுபடி அலறும். அடுத்த வீட்டுக்காரர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். அவருக்குக் கிடைக்கும் தூக்கமே கொஞ்சம். நான்காம் நாள் இரவு அவர் வெளியே வந்து, "அண்ணே, இன்னைக்குப் படுத்ததே பன்னெண்டு மணிக்கு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது. அவருடைய மகன் உதவி செய்வதாக ஓடிவந்து, நான் தடுப்பதற்குள் பானட்டைத் திறந்து பாட்டரி கிளாம்பைக் கழற்றிவிட்டான். சைரன் நிற்பதற்குப் பதிலாக இன்னும் விடாப்பிடியாகக் கத்தியது. சில சைரன்களுக்குள் தனியாகச் சிறு பாட்டரி உண்டு. திருடன் கார் பாட்டரியைத் துண்டித்தால் கத்துவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றை அடக்கச் சைரனின் உடலிலேயே ஒரு சாவித் துளை இருக்கும்; அந்தச் சாவி எனக்கு வந்து சேரவே இல்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு ரிமோட்டோடு இந்தச் சிறு சாவியையும் கேட்டு வாங்குங்கள். அன்றிரவு பழைய போர்வையை நாலாக மடித்துச் சைரன்மேல் போட்டு, அதன் பாட்டரி ஓயும்வரை காத்திருந்தோம்.

மறுநாள் வண்டியை எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் கடை திறப்பது பத்து மணிக்கு. என் வண்டியைத் தொட்டபோது பன்னிரண்டு ஆகியிருந்தது. கதவைத் திறந்தார், மூடினார், தட்டினார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. "யூனிட் வீக் ஆகிவிட்டது, புதிது போட்டுவிடலாம்" என்று நாலாயிரம் ரூபாய்க் கணக்குச் சொன்னார். இன்னொருவரும் ஏறத்தாழ அதையே சொன்னார். அவர்கள் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் பார்த்த நேரத்தில் வண்டியில் பழுது இல்லை என்பதுதான் உண்மை.

இந்த இடத்தில்தான் என் பழைய வேலை கைகொடுத்தது. மழை பெய்த மறுநாள் காலையில் எக்ஸ்சேஞ்சுக்குப் புகார்கள் வந்து குவியும். போனில் இரைச்சல், மணி தானாக அடிக்கிறது, பேச்சு தெளிவில்லை என்று நாற்பது ஐம்பது புகார்கள் இருக்கும். வெயில் ஏறி லைன்மேன் போய்ப் பார்க்கும்போது பாதி போன்கள் நன்றாக வேலை செய்யும். சந்தாதாரர் பொய் சொல்வதுபோலத் தோன்றும். ஈரம் புகுந்த முடிச்சில் மின்சாரம் மண்ணுக்குக் கசிவதால் வரும் 'லோ இன்சுலேஷன்' பழுது அது. ஈரம் காய்ந்தால் மறைந்துவிடும். அதைப் பிடிக்க ஒரே வழி, ஈரம் இருக்கும்போதே போய் அளப்பது. மார்கழிப் பின்னிரவில் மட்டும் அலறுகிற காரை நடுப்பகலில் சோதித்தால் என்ன கிடைக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை நாலே முக்காலுக்கு டார்ச்சும், மின்னழுத்தம், மின்தடை போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கார் முழுவதும் குளிப்பாட்டியதுபோல் பனி. அலாரத்தை முதலிலேயே அணைத்துவிட்டேன். குமிழ் சுவிட்சின் வேலை மிக எளிது: கதவு திறந்திருந்தால் ஒயரை வண்டியின் உடலோடு, அதாவது எர்த்தோடு சேர்க்கும், மூடியிருந்தால் பிரித்துவைக்கும். பிரிந்திருக்கும் நிலையில் அதன் ஊடே மின்சாரம் துளிகூடக் கசியக்கூடாது. ஒவ்வொரு சுவிட்சின் ஒயரையும் கழற்றி, குமிழை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவிட்சின் முனைக்கும் வண்டி உடலுக்கும் இடையிலான மின்தடையை அளந்தேன். இரண்டு கதவுச் சுவிட்சுகளிலும் மீட்டர் எதுவும் காட்டவில்லை, அவை நல்லவை. பானட் சுவிட்சில் ஏறத்தாழ நாலாயிரம் ஓம் காட்டியது. பெட்டியைப் பொறுத்தவரை அது பானட் அரைகுறையாகத் திறந்திருப்பதற்குச் சமம். அதே சுவிட்சை அன்று மதியம் ஒரு மணிக்கு அளந்தபோது, இருபது லட்சம் ஓம் வரை அளக்கும் என் மீட்டரின் எல்லைக்கும் மேலே போய்விட்டது. எலக்ட்ரீஷியன் கண்ணுக்கு அது அகப்படாததில் வியப்பில்லை.

மீட்டர் இல்லாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. கொஞ்சம் பொறுமை வேண்டும். ஓர் இரவு பானட் சுவிட்சின் ஒயரை மட்டும் கழற்றி, நுனியை டேப்பால் மூடிவிட்டு அலாரத்தைப் போடுங்கள். அலறவில்லை என்றால் இன்னும் இரண்டு இரவு பாருங்கள். அலறினால் அதை மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். சில பெட்டிகள், அலறலுக்குப் பின் ரிமோட்டால் அணைக்கும்போது, சிவப்பு விளக்கு இத்தனை முறை சிமிட்டுவதன் மூலம் எந்தச் சுவிட்சால் அலறியது என்று காட்டும்; எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்றாலும், ஒரே எண்ணிக்கை திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி ஒன்றே என்று கொள்ளலாம்.

அந்தப் பானட் சுவிட்சைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வெளியே துருப்பிடித்த திருகு; அதை எதிர்பார்த்தேன். உள்ளே சுருள் கம்பியைச் சுற்றி, பொடியாக உடையும் வெண்மையான பூச்சும், பித்தளைத் தகட்டின்மேல் பச்சைக் களிம்பும். நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன் — இப்படிச் செய்யலாகாதுதான், பழைய பழக்கம் — உப்பு. அதைப் பொருத்தியவர், பானட்டுக்குப் பக்கத்தில் மழைநீர் ஓடுவதற்காகக் கம்பெனியே விட்டிருக்கும் பள்ளத்தில் துளை போட்டு வைத்திருந்தார். நீர் வரும் வழியிலேயே ஒரு சுவிட்ச்! ரப்பர் மூடி உள்ள புதிய சுவிட்ச் ஒன்று வாங்கி, பள்ளத்துக்கு மேலே உயரமான இடத்தில் வைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவினேன். செலவு நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

எங்கள் ஊரின் இருப்பிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் இது புரியும். உச்சிப்புளி, மண்டபம் பகுதி இரண்டு கடல்களுக்கு நடுவே நீளும் ஒடுங்கிய நிலம். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாவின் உப்பும், வாடைக் காற்றில் பாக் நீரிணைப் பக்கத்து உப்பும் வந்து சேரும். உப்பு வராத பருவம் என்று ஒன்று கிடையாது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கரைந்து நிற்கும் இயல்புடையது. இங்கே இரவில் அந்த அளவைத் தாண்டாத நாள்கள் குறைவு. ஆகவே பகலில் வெறும் தூசியாகப் படிந்திருப்பது இரவில் மின்சாரம் கடத்தும் உப்புநீராகிவிடுகிறது. 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகம் அரிபடுவதை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. மதுரையில் பத்து ஆண்டு தாங்கும் ஒயர் வேலை மண்டபத்தில் இரண்டு ஆண்டுகூடத் தாங்காமல் போகலாம் என்பதைப் பொருத்துகிறவரும் பொருத்திக்கொள்கிறவரும் நினைவில் வைக்க வேண்டும்.

அலறல் நின்றது. ஆனால் வண்டியை நாலைந்து நாள் நிறுத்திவைத்தால் ஸ்டார்ட் ஆகத் திணறியது. பாட்டரிக்கு வயது இரண்டுதான். எஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட் காட்டியது. ஆகவே சார்ஜ் ஏறுவதில் குறையில்லை. முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஐந்தாம் நாள் காலை என் பாட்டரி 12.1 காட்டியது. யாரோ உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இதை அளக்கும் முறையில் பலரும் தவறு செய்வதால் விளக்கமாகச் சொல்கிறேன். பானட் திறந்திருக்கும்போது அலாரம் போட முடியாது. ஆகவே பானட் சுவிட்சின் குமிழை டேப்பால் அழுத்திக் கட்டினேன். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை நெகட்டிவ் கேபிளின் கிளாம்பிலும் பொருத்திக்கொண்டு, அதன்பிறகுதான் கிளாம்பை மெதுவாகக் கழற்றினேன். முதலிலேயே கழற்றிவிட்டால் பெட்டி ஒருமுறை செத்துப் பிழைக்கும். அப்போது அலறும், அளவும் பொய்யாகும். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ரிமோட்டால் பூட்டி, கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். 165 மில்லி ஆம்பியர். அலாரத்தின் ஃபியூஸைக் கழற்றியதும் 12-க்கு இறங்கியது. நின்றுகொண்டிருக்கும் ஒரு கார் 50 மில்லி ஆம்பியருக்குமேல் இழுக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. என் வண்டி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 ஆம்பியர்-மணி இழந்துகொண்டிருந்தது; 35 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஐந்து நாளில் பாதிக்குமேல் போய்விடும். நல்ல பாட்டரியை மாற்றிவிட்டு, மூன்றாம் மாதம் அதுவும் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் இந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும்.

அந்த 150 மில்லி ஆம்பியரைக் குடித்தது ரிலே. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவைத்து அலாரத்தைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கையை உள்ளே விட்டு டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கிய அதைத் தொட்டுப் பார்த்தேன். கோழி முட்டையை அடையிலிருந்து எடுத்ததுபோல் இளஞ்சூடாக இருந்தது. ரிலேயின் சுருளுக்கு ஒரு முனையில் அலாரப் பெட்டியிலிருந்து எர்த் வரும். மறுமுனைக்கு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருகிற ஒயரைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் திருடன் சாவியைத் திருப்பும்போது மட்டும் ரிலே வேலை செய்யும். மற்ற நேரத்தில் ஒன்றும் இழுக்காது. இங்கே எப்போதும் மின்சாரம் உள்ள ஒயரில் முடிச்சுப் போட்டிருந்தார்கள்; வண்டி பூட்டியிருக்கும் நேரமெல்லாம் ரிலே விழித்துக்கொண்டிருந்தது. பொருத்தியவருக்கு அந்த ஒயர் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதைச் சரிசெய்வதற்கு முன்பே அந்த ரிலே இன்னொரு வேலையும் காட்டிவிட்டது. தை மாதம், இராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில், பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் இருமல் போட்டு நின்றது. தீவுக்குப் போக 1988-இல் திறந்த அந்த ஒரு பாலம்தான் சாலை. அதில் ரயில் பாலத்தைப் பார்க்க நிற்கும் கூட்டம் வேறு. பின்னால் அரசுப் பேருந்து. ஐந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. பெட்ரோலில் தூசி என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒயரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது தெரிந்தது: பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரை வெட்டி, அந்த ரிலேயின் ஊடே கொண்டுபோயிருந்தார்கள். திருடன் ஓட்ட முடியாது என்பது எண்ணம். ஆனால் நான் ஓட்டும்போதும் பம்பின் மின்சாரம் முழுவதும் ரிலேயின் இரண்டு சிறு தகடுகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். ரிலேயை உடைத்துப் பார்த்தேன். தகடுகள் கருத்துக் குழி விழுந்திருந்தன. உப்பு ஈரத்தில் அவை இவ்வளவு நாள் தாங்கியதே அதிசயம்.

அலாரம் வண்டியைத் தடுக்க வேண்டுமானால் ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரில் தடுக்கட்டும். பம்பிலோ இக்னிஷனிலோ வேண்டாம். ரிலே கெட்டால் வண்டி வீட்டு வாசலில் கிளம்பாமல் நிற்கும். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், ஆட்டோ பிடித்துப் போகலாம். ஓடும்போது பாலத்தின் நடுவே நிற்பதை அதோடு ஒப்பிட முடியுமா? திருட்டுப் பயத்தைவிட அது பெரிய ஆபத்து என்பது என் கருத்து. பம்பின் ஒயரை இடையில் எதுவுமில்லாமல் நேராகச் சேர்த்துவிட்டு, புதிய ரிலேயை ஸ்டார்ட்டர் ஒயருக்கு மாற்றினேன். இரவில் இழுக்கும் அளவு 20 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்துவிட்டது.

முடிச்சுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒரு ஜாயிண்டர் கடிதம் எழுதியதாக ஆகாது. டாஷ்போர்டுக்கு அடியில் பதினொரு முடிச்சுகள் இருந்தன. எல்லாமே ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியவை. வெயிலில் பூட்டிக் கிடக்கும் காருக்குள் டேப்பின் பசை வெல்லப்பாகுபோல் உருகி வழிந்து, டேப் தானே பிரிந்து நிற்கிறது. உள்ளே செம்பு கருத்திருக்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல இழைகள் சேர்ந்த ஒயரில், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, உப்புநீர் தோலுக்கு அடியிலேயே வெகுதூரம் ஏறிவிடும். ஆகவே நுனியை மட்டும் சுரண்டி மறுபடி முறுக்கினால் போதாது; பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். எனக்குச் சில ஒயர்களில் நாலு விரற்கடை வரை வெட்ட வேண்டியிருந்தது. ஈயப்பற்று வைக்கும்போது, உள்ளே ரெசின் உள்ள ஈயக் கம்பியையே பயன்படுத்த வேண்டும். தகரப் பாத்திரத்துக்குப் பற்று வைக்கும் அமிலம் பிற்பாடு செம்பையே தின்றுவிடும். அதன்மேல், சூடுகாட்டினால் சுருங்கிப் பசையோடு பிடித்துக்கொள்ளும் ஸ்லீவ். பற்று வைத்த இடம் அதிர்வில் முறியக்கூடியது என்பதால் அதை ஆடாமல் கட்டிவைக்க வேண்டும். படகுகளில் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்கள் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரைப் பயன்படுத்துவார்கள். கடற்கரைக் காருக்கும் அது கிடைத்தால் நல்லது.

எர்த் ஒயரின் கதையும் இதே. பெயிண்ட் அடித்த தகட்டின்மேல் ஒரு திருகை ஓட்டி, அதில் மாட்டியிருந்தார்கள். சைரனை அலறவிட்டு, அந்தத் திருகுக்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் அளந்தால் 0.9 வோல்ட் காட்டியது, 0.1-க்குமேல் போகக் கூடாது. உப்புத்தாளால் தகடு வெளுக்கும்வரை தேய்த்து, வளைய முனை போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவியதும் ஊசி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஏர்பேக் உள்ள வண்டிகளில் மஞ்சள் நிற உறையிட்ட ஒயர்களை யாரும் தொட வேண்டாம். கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளில் பல்பு வைத்த டெஸ்ட் லாம்பை ஒயர்களில் குத்திப் பார்ப்பதும் வேண்டாம்.

அக்கம்பக்கத்தார் உறக்கம் கெடுவது வெறும் மனவருத்தம் மட்டுமல்ல. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. சைரன் அருகில் நூறைத் தாண்டும். வாகன அலாரங்களுக்கான ஐக்கிய நாடுகளின் 97-ஆம் எண் விதிமுறை ஒரு முறை அலறுவதை 25 முதல் 30 விநாடிக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஆனால் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும் சுவிட்ச் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திருடன் வந்ததாகச் சொல்லும்போது, அந்த வரம்பால் தூங்குகிறவருக்கு என்ன பயன்? இராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளியூர் வண்டிகளை நிறுத்திவிட்டு விடுதியில் உறங்குகிறவர்கள், தங்கள் வண்டி அலறுவதை அறிவதே இல்லை. பழைய வண்டியில் வருகிறவர்கள் கைபேசி எண்ணை முன்கண்ணாடியில் வைத்துவிட்டுப் போனால்கூடப் பாதித் தொல்லை தீரும். வேலட் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பகலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே, ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில், கையுறைப் பெட்டிக்குப் பின்னால் என்ற வரிசையில் தடவிப் பார்க்கலாம். பெரும்பாலும் சாவியை ஆன் நிலையில் வைத்து அதை அழுத்தினால் அலாரம் அடங்கும்.

அலாரம் பொருத்தும் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஈயப்பற்றுக்கும் ஸ்லீவுக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் சில நூறு ரூபாயும் ஆகும் என்றால், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தருவோம். எந்த நிற ஒயரை எங்கே சேர்த்தீர்கள், எந்த ஒயரை வெட்டினீர்கள், சுவிட்சுகளும் வேலட் பொத்தானும் எங்கே இருக்கின்றன என்பதை ஒரு அரைத்தாளில் எழுதிக் கொடுங்கள். தொலைபேசித் துறையில் ஒவ்வொரு கேபிள் பெட்டியிலும் எந்த ஜோடி எந்த வீட்டுக்குப் போகிறது என்ற குறிப்பு இருக்கும். அது இல்லாமல் அடுத்து வருகிறவன் வேலை செய்ய முடியாது. இராமநாதபுரம், பரமக்குடி ஐ.டி.ஐ.களில் மோட்டார் வாகனத் தொழிற்பிரிவு மாணவர்களுக்கு, ஈரமான நேரத்தில் சுவிட்சின் கசிவை அளப்பதை ஒரு நாள் பயிற்சியாகக் கொடுக்க முடிந்தால், இந்தக் கடற்கரைக்கு அது பொருத்தமான பாடமாக இருக்கும்.

என் வண்டியின் ஒயர் படத்தை நானே வரைந்து, பாலித்தீன் உறையில் போட்டு, ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். சைரனின் சாவி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கேபிள் ஜாயிண்டர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.